துணைப்பண்பாடுகளும் மக்கள் தொடர்புச் சாதனங்களும்: இணையக் காலத்தில் எழும் ஒரு கேள்வி

முன்னுரை

1977ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடு தன் அரசியார் இரண்டாம் எலிசபெத் அரியணையேறியதன் வெள்ளிவிழாவைக் கொண்டாடியது. அதே ஆண்டில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் இளைஞர் இசைக்குழு முடியாட்சியை எள்ளி ஒரு பாடலை வெளியிட்டது. பி.பி.சி. வானொலி அதனை ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் விற்பனைப் பட்டியலில் அப்பாடல் இரண்டாம் இடத்தை எட்டியது. 'பங்க்' எனப்பட்ட அந்த இளைஞர் இயக்கத்தைச் செய்தித்தாள்கள் நாட்டின் ஒழுக்கத்திற்கு வந்த ஆபத்தாகவே சித்திரித்தன.

35 ஆண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நடந்த இலண்டன் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் அதே குழுவின் வேறொரு பாடல் அரங்கம் முழுவதும் ஒலித்தது. விளையாட்டுகளைத் தொடங்கிவைத்தவர் அதே அரசியார். விழாவை அந்நாட்டு மக்களுக்கு ஒளிபரப்பியதும் அதே பி.பி.சி.தான். 2015இல் இங்கிலாந்து வங்கி ஒன்று அக்குழுவின் இசைத்தட்டு அட்டைப் படங்களைத் தன் கடன் அட்டைகளில் அச்சிட்டு வெளியிட்டது.

இதனை அந்த இளைஞர்களின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அவர்கள் அரண்மனைக்குள் புகுந்தார்களா, அல்லது அரண்மனை அவர்களைத் தன் அலங்காரப் பொருள்களுள் ஒன்றாக்கிக் கொண்டதா? ஓரத்தில் பிறந்த ஒரு பண்பாட்டைச் சமுதாயத்தின் மையம் 'ஏற்றுக்கொண்டது' என்று நாம் கூறும்போது, உண்மையில் ஏற்கப்பட்டது எது, வெளியே விடப்பட்டது எது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. இக்கேள்வி பழையது. எனினும் 35 ஆண்டுகளில் நடந்தது 35 நாள்களில் நடந்துவிடும் இணையக் காலத்தில் அது புதிய கூர்மை பெற்றுள்ளது.

1. துணைப்பண்பாடு என்பது யாது?

துணைப்பண்பாடு என்னும் சொல்லில் உள்ள 'துணை' என்னும் அடைமொழி தாழ்வைக் குறிப்பதன்று. பெரிய சமுதாயத்தின் உள்ளேயே, அதனோடு முற்றிலும் ஒன்றாமலும் அதனைவிட்டு முற்றிலும் நீங்காமலும் வாழும் ஒரு குழுவினர் தங்களுக்கென உருவாக்கிக்கொள்ளும் மொழி, உடை, இசை, நகைச்சுவை, மரியாதை முறை ஆகியவற்றின் தொகுதியே துணைப்பண்பாடு. இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரே விதமான இடர்ப்பாட்டில் வாழ்வோர் அந்த இடர்ப்பாட்டிற்குத் தாங்களே அளிக்கும் விடை எனலாம். வேலையற்ற இளைஞன் கிழிந்த சட்டையை ஊக்குகளால் கோத்து அணிவது அவனுடைய வறுமையை மறைப்பதற்காக அன்று. அதனை ஊரார் கண்முன் நிறுத்துவதற்காகவே.

இப்பொருளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர்கள் 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சார்ந்த அறிஞர்கள். அங்குப் பயின்ற டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட நூலில், மையச் சமுதாயம் துணைப்பண்பாட்டை உட்கொள்ளும் வழிகள் இரண்டு என்று காட்டினார். முதலாவது, சரக்காக்குதல். எதிர்ப்பின் அடையாளமாக இருந்த ஊக்கு, சில மாதங்களில் கடையில் விலைக்குக் கிடைக்கும் அணிகலன் ஆகிவிடும். இரண்டாவது, பெயரிட்டு அடக்குதல். செய்தித்தாள்கள் முதலில் அவ்விளைஞரைப் பேய்களாகக் காட்டும். பின்னர், 'இவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே' என்று கூறி, அவர்கள் எழுப்பிய கேள்வியைப் பிள்ளை விளையாட்டாக்கிவிடும். பேயாக்குவதும் பிள்ளையாக்குவதும் வெவ்வேறாகத் தோன்றினும் பயன் ஒன்றே. அவர்கள் கூறியதற்கு யாரும் மறுமொழி கூற வேண்டியதில்லை.

ரேமண்ட் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் 1977இல் எழுதிய நூலில் இதனினும் நுட்பமான ஒன்றைச் சுட்டினார். உட்கொள்ளுதல் பெரும்பாலும் பகையின் தோற்றத்தில் வருவதில்லை. அங்கீகாரத்தின் தோற்றத்திலேயே வருகிறது. ஆகவேதான் அதனை இனங்காண்பது அரிதாகிறது. வாயில் அடைக்கப்பட்டால் எதிர்த்துத் தட்டலாம். மாலையோடு வரவேற்கும் வாயிலை எவ்வாறு எதிர்ப்பது?

2. பழைய வழி: வாயிற்காவலரும் காத்திருந்த காலமும்

இணையத்திற்கு முன் இந்த உட்கொள்ளுதல் எவ்வாறு நடந்தது என்பதற்கு 'ஹிப்ஹாப்' தக்க சான்றாகும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி 1970களில் சீரழிந்து கிடந்தது. பெருஞ்சாலை ஒன்று குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றிருந்தது, வீட்டு உரிமையாளர் பலர் கட்டடங்களைக் கைவிட்டனர், தீக்கிரையானவை ஏராளம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அங்குள்ள செட்ஜ்விக் அவென்யூவின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்னும் இளைஞர் தம் தங்கையோடு சேர்ந்து ஒரு விருந்து நடத்தினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆடுவோர் பெரிதும் கிளர்ச்சியுறுகின்றனர் என்பதைக் கண்ட அவர், இரண்டு இசைத்தட்டுப் பொறிகளைக்கொண்டு அச்சிறு பகுதியை நீட்டி ஒலிக்கச் செய்யும் முறையை வளர்த்தார். அந்தத் தாளத்தின்மேல் சந்தத்தோடு பேசும் பேச்சு, சுவர் ஓவியம், தரையில் சுழன்றாடும் ஆட்டம் ஆகியவை ஒன்றுகூடி ஒரு பண்பாடாயின. இசைக்கருவி வாங்க வழியற்றவர்கள் பழைய இசைத்தட்டையே கருவியாக்கினார்கள்.

இதனைப் பதிவுசெய்ய நிறுவனங்கள் முன்வரவில்லை. முதல் பெரும் வெற்றி பெற்ற இசைத்தட்டு 1979இல்தான் வெளிவந்தது. அதனைப் பாடியவர்கள் பிராங்க்ஸ் பகுதியில் இக்கலையை வளர்த்த முன்னோடிகள் அல்லர். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் திரட்டிய மூன்று இளைஞர். முன்னோடிகளுள் ஒருவரின் வரிகளே பெயர் சொல்லப்படாமல் அதில் இடம்பெற்றன. இசைக்கெனத் தொடங்கிய எம்.டிவி. தொலைக்காட்சி 1988இல்தான் ஹிப்ஹாப்பிற்கெனத் தனி நிகழ்ச்சி ஒன்றைத் தன் அமெரிக்க ஒளிபரப்பில் அமைத்தது. 2018இல் கென்ட்ரிக் லாமர் புலிட்சர் பரிசு பெற்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தத் தரையாட்டம் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. ஒன்று, பெயர் மறைப்பு இணையம் கொண்டுவந்த தீமை அன்று. அது முதலிலிருந்தே உள்ளது. மற்றொன்று, 1973க்கும் 1979க்கும் இடையில் ஆறு ஆண்டுகள் கிடைத்தன. பதிப்பாளர், வானொலி அதிகாரி, இசைத்தட்டு நிறுவனத்தார் ஆகிய வாயிற்காவலர் அக்கலைக்குக் கதவை அடைத்தனர். அது அநீதியே. ஆயினும் அடைத்த கதவின் இப்புறத்தில் அக்கலை தன் இலக்கணத்தைத் தானே வகுத்துக்கொண்டது. சிறந்தவர் எவர், போலி எவர் என்று தன் மக்களின் முன்னிலையிலேயே தீர்த்துக்கொண்டது. ஆசிரியரையும் மாணாக்கரையும் பெற்றது. உலகம் வந்து பார்த்தபோது அது பிள்ளைப் பருவத்தைக் கடந்திருந்தது. புறக்கணிப்பு ஒரு சுவர். சுவர் வெளியே தள்ளும், காற்றையும் தடுக்கும்.

3. இணையம் மாற்றியது எது?

இணையம் வாயிற்காவலரை நீக்கிவிட்டது என்று பலர் கூறுவர். இது பாதி உண்மையே. மூன்று மாற்றங்களை நாம் பிரித்துக் காண வேண்டும்.

முதலாவது, இடைவெளி மறைந்தது. ஒரு தெருவில் இன்று பிறந்த ஆட்டம் நாளை உலகமெங்கும் ஆடப்படலாம். முதிர்வதற்கோ, தன் மக்களிடையே வேரூன்றுவதற்கோ அதற்குக் காலம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, காவலர் நீங்கவில்லை, மாறினார். குறுங்காணொளித் தளங்களில் எதனை யாருக்குக் காட்டுவது என்பதைக் கணிப்பொறியின் கணக்கீட்டு முறை தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது, எத்தனை பேர் பகிர்ந்தனர், எத்தனை பேர் அதனைப் போலச் செய்தனர் என்பனவே அதன் அளவைகள். பழைய காவலரிடம் முறையிடலாம், வாதிடலாம். கணக்கீட்டிற்கு முகம் இல்லை. மேலும், தனக்கு முன்னரே பெருங்கூட்டம் உள்ளவர் ஒன்றைப் போலச் செய்தால், அக்கணக்கீடு மூலத்தைக் காட்டிலும் போலியையே மேலும் மேலும் காட்டும்.

மூன்றாவது, அடையாளம் மக்களினின்றும் கழன்றது. ஓர் ஆட்டம், ஒரு சொல், ஒரு படம் தான் பிறந்த தெருவையும் காரணத்தையும் விட்டுவிட்டுத் தனியே பயணம் செய்கிறது. அத்தளங்கள் ஒரு பாட்டின் ஒலித்துண்டுக்குப் பெயரிட்டு அதனைப் பின்தொடர வழிசெய்தன. அந்த ஒலிக்கு முதன்முதல் ஆட்டம் அமைத்தவருக்கு அவ்வாறு ஓர் அடையாளம் தொடக்கத்தில் அமைக்கப்படவில்லை.

இம்மூன்றும் ஒருங்கே செயற்பட்டதற்கு 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் ஓர் ஆட்டத்தை அமைத்து, தன் வயதினர் புழங்கிய சிறு தளமொன்றில் வெளியிட்டாள். 'ரெனகேட்' எனப்பட்ட அது சில வாரங்களில் டிக்டாக் தளத்திற்குச் சென்றது. அங்குப் புகழ்பெற்றிருந்த வேறு இளைஞர்கள் அதனை ஆடினர்; கோடிக்கணக்கானோர் கண்டனர்; அவர்களே அதன் தலைமக்களாகக் கருதப்பட்டனர். அமைத்தவள் தன் பெயரைக் கூறியும் கேட்பாரில்லை. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் உண்மையை எழுதிய பின்னரே நிலைமை மாறியது. அத்திங்களிலேயே தேசியக் கூடைப்பந்து விழாவில் ஆட அவள் அழைக்கப்பட்டாள்.

2021 மார்ச்சில் அமெரிக்காவின் புகழ்மிக்க இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இத்தகைய எட்டு ஆட்டங்கள் ஆடிக் காட்டப்பட்டன. அவற்றை அமைத்தோர் பெயர்கள் நிகழ்ச்சியில் சொல்லப்படவில்லை. கண்டனம் எழுந்த பின்னர் அவர்களுள் பலர் அந்நிகழ்ச்சிக்கே அழைக்கப்பட்டுத் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே ஆடினர். அவ்வாண்டு ஜூன் திங்களில் அத்தளத்தின் கறுப்பின ஆட்டக்கலைஞர் பலர் ஒரு புதிய பாட்டுக்கு ஆட்டம் அமைக்க மறுத்து ஒருவகை வேலைநிறுத்தம் செய்தனர். தாங்கள் இல்லாவிடில் அந்தத் தளத்தில் ஆட்டமே இல்லை என்பதைச் சொல்லில் அன்று, வெறுமையினால் காட்டினார்கள்.

இங்கு நாம் ஒரு நேர்மையான குறிப்பைச் சேர்க்க வேண்டும். மறைத்ததும் மக்கள் தொடர்புச் சாதனங்களே. மீட்டுத் தந்ததும் அவற்றுள் ஒன்றே. ஆகவே குற்றம் கருவியில் மட்டும் இல்லை. 'இதனைச் செய்தது யார்?' என்று ஒருவர் கேட்டாரா, இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

4. நம் நாட்டுச் சான்று: கானா

இக்கதை அயல்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம், காசிமேடு முதலிய வடசென்னைப் பகுதிகளின் உழைக்கும் மக்களிடையே, சிறப்பாகத் தலித் மக்களிடையே, வளர்ந்த பாட்டு கானா. சாவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்போர் நடுவிலும், பதினாறாம் நாள் நினைவிலும் அது பாடப்பட்டது. டோலக், தபலா, புல்புல்தாரா ஆகியவை இருந்தால் அவற்றோடும், இல்லையெனில் மேசையையோ தீப்பெட்டியையோ தட்டியும் பாடுவர். இறந்தவரின் வாழ்வு, வறுமை, காதல், போலீசார் தொல்லை, அம்பேத்கரின் பெருமை ஆகியவை அதன் பொருள்கள். அதன் மொழி நகரின் மற்றப் பகுதியினர் 'கொச்சை' என ஒதுக்கிய சென்னைத் தமிழ்.

1990களில் தமிழ்த் திரைப்படம் கானாவைப் பெருமளவில் எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர் தேவா அதற்குத் திரையில் நிலையான இடம் தேடித் தந்தார். 1996இல் வந்த 'காதல் கோட்டை' படத்தில் அவரே பாடிய பாட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. ஆயினும் திரையில் கானாவின் இடம் பெரும்பாலும் கேலிக்கும் குடிக்கும் கல்லூரி இளைஞர் கும்மாளத்திற்கும் உரியதாகவே அமைந்தது. சாவுவீட்டுத் துயரமும், சாவைப் பார்த்துச் சிரிக்கும் துணிவும் உதிர்ந்தன. துள்ளல் மட்டும் எஞ்சியது. ஹெப்டிஜ் கூறிய 'பிள்ளையாக்குதல்' இதுவே.

2012இல் பா. இரஞ்சித் இயக்கிய முதல் படமான 'அட்டகத்தி'யில், சந்தோஷ் நாராயணன் இசையில், கானா பாலா பாடினார். இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கானாவின் சாயலைப் பிறர் பாடுவதற்கு மாறாக, கானாப் பாடகரே தம் பெயரோடு திரைக்கு வந்தார். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியில்லாத் தமிழர்' என்னும் கருத்திலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. கானாவும் பறையும் ராப்பும் அம்மேடையில் ஒன்றாய் ஒலித்தன; சாதி, இட ஒதுக்கீடு ஆகியவை பற்றிய சொற்கள் உதிராமல் ஒலித்தன. அந்நிகழ்ச்சிகளின் பதிவுகளை இணையம் உலகெங்கும் கொண்டுசென்றது. அக்குழுவின் பாடகி இசைவாணி பி.பி.சி. வெளியிட்ட 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் தனக்கென இடம்பெற்றதை உலகம் அறிந்தது. இணையம் இல்லையெனில் இது இத்துணை விரைவில் நடந்திராது.

அதே இணையம் மறுபுறத்தையும் காட்டியது. அக்குழுவில் பாடிய அறிவு, பாடகி தீயுடன் இணைந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. நிலமற்ற உழைப்பாளரின் வரலாறும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி ஒருவரின் நினைவும் அதில் உள்ளன. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். திருமண மேடைகளிலும் குறுங்காணொளிகளிலும் ஆடினர். அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் இரு பாடகர்கள் இடம்பெற்றனர். அவர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட பாடல்கள் இரண்டிலும் அறிவின் சொற்கள் இருந்தன. அட்டையில் அவர் இல்லை. கண்டனம் எழுந்த பின்னர் அவ்விதழ் அவருடைய படத்தோடு வேறோர் அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவர் இல்லாமலே அப்பாடல் பாடப்பட்டது. பாடலை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அதனைச் சார்ந்தோரிடையே கருத்து வேறுபாடு பொதுவில் எழுந்தது. அதனைத் தீர்ப்பது நம் வேலையன்று. நாம் நோக்க வேண்டியது வேறு. நிலத்தை உழுதவன் நிலத்திற்கு உரியவனாகவில்லை என்று முறையிடும் ஒரு பாட்டே, 'பாட்டை உழுதவன் யார்?' என்னும் வழக்கிற்கு உரியதாயிற்று. முறையீட்டை உலகம் சுவைத்தது. அதற்குச் செவிகொடுத்ததா என்பது ஐயமே.

5. நஞ்சும் இயல்பாகும்

ஓரத்தில் பிறப்பன எல்லாம் ஒடுக்கப்பட்டோரின் குரல் அல்ல. வெறுப்பும் ஓரத்தில் பிறக்கும். அதுவும் இதே வாயில் வழியே மையத்திற்கு வரும். மாட் ஃப்யூரி என்னும் அமெரிக்க ஓவியர் 2005இல் 'பெப்பே' என்னும் தவளைப் பாத்திரத்தை ஒரு கேலிச்சித்திரக் கதைக்காக வரைந்தார். தீங்கற்ற அப்படம் இணையத்தில் பெயரில்லாதோர் கூடும் தளங்களில் பரவி, பின்னர் இனவெறியர் சிலரின் சின்னமாக்கப்பட்டது. 2016இல் அமெரிக்க யூதர்களின் உரிமை அமைப்பு ஒன்று, அவ்வாறு திரிக்கப்பட்ட படங்களை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. வரைந்தவர் தம் படைப்பை மீட்க வழக்குகள் தொடுக்க நேர்ந்தது. 2019இல் ஹாங்காங்கில் மக்களாட்சி கோரிப் போராடிய இளைஞர்கள் அதே தவளையைத் தங்கள் சின்னமாக ஏந்தினர். அடையாளம் மக்களினின்றும் கழலும்போது அதனை எவரும் எதற்கும் அணியலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய வெறுப்புக் குழுக்களைப் பற்றிச் செய்தி எழுதுவதே அவற்றிற்கு உயிர்மூச்சு அளித்துவிடுகிறது என்று விட்னி பிலிப்ஸ் என்னும் ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், செய்தியாளர் பலரைக் கண்டு பேசிய பின்னர் எச்சரித்தார். கண்டிப்பதற்காக எழுதினாலும், வியப்பிற்காக எழுதினாலும், பத்துப்பேர் அறிந்த சொல்லைப் பத்து இலட்சம் பேர் அறிகின்றனர். இரண்டாம் முறை கேட்கும்போது அதிர்ச்சி குறைகிறது. பத்தாம் முறை அது பழகிய சொல். இயல்பாக்குதல் என்பது இதுவே. அதற்கு ஒருவரும் இசைவு தர வேண்டியதில்லை, பழகினால் போதும்.

ஒடுக்கப்பட்டோரின் பாட்டு மையத்திற்கு வரும்போது அதன் கூர்மை மழுங்குகிறது. வெறுப்பு வரும்போது அதன் கூர்மை மறைகிறது. மழுங்கிய கத்தி பயன்படாது. மறைந்த கத்தி குத்தும்.

6. தூய்மை வாதம் விடையாகுமா?

அங்ஙனமாயின் ஒவ்வொரு பண்பாடும் தன் வேலிக்குள் தூய்மையாக இருந்துவிடுவதே நல்லது என்று சிலர் முடிவு செய்யக்கூடும். இம்முடிவு வரலாற்றுக்கு ஒவ்வாது. ஹிப்ஹாப் பிறர் இசைத்தட்டுகளிலிருந்து பிறந்தது. ஜமைக்காவின் தெருவிசை மரபும் அதில் கலந்துள்ளது. கானாப் பாடகர்கள் திரைப்பட மெட்டுகளைத் தயங்காமல் எடுத்தாண்டனர். கடன் வாங்காத பண்பாடு இல்லை. மேலும், புளியந்தோப்புப் பாடகர் ஒருவர் தம் பாட்டினால் பிழைக்க முடிவதையும், தம் தெருவின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிவதையும் இழப்பு என்று கூற நமக்கு உரிமை இல்லை. 'நீ ஓரத்திலேயே இரு, அங்குதான் நீ அழகு' என்று மையத்தில் இருப்பவன் சொல்வது மற்றொரு வகை ஒதுக்கலே.

எனவே, கலப்பு நன்றா தீதா என்பது நம் வினாவன்று. கலப்பு நிகழும்போது மூன்றினைக் கேட்க வேண்டும். முதலாவது, பெயர்: செய்தவர் பெயர் உடன் வந்ததா? இரண்டாவது, பயன்: ஊதியத்திலும் முடிவெடுக்கும் உரிமையிலும் அவருக்குப் பங்கு உண்டா? மூன்றாவது, கேள்வி: அக்கலை பிறந்த காரணம், அது சமுதாயத்தை நோக்கி எழுப்பிய வினா, உடன் வந்ததா, அல்லது வாயிலிலேயே கழற்றி வைக்கப்பட்டதா? பெயரை ஒரு வரியில் திருத்திவிடலாம். பயனை ஓர் ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். மூன்றாவதே கடினம். ஏனெனில் அது கேட்பவரையும் மாறும்படி கேட்கிறது.

முடிவுரை

இம்மூன்றும் திரைத்துறையினருக்கும் செய்தியாளருக்கும் மட்டும் உரிய வினாக்கள் அல்ல. சபையும் இறையியல் கல்லூரியும் பலருடைய வாழ்வில் மையமாக நிற்பவையே; அவற்றிற்கும் வாயில் உண்டு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்தார். வழிபாட்டிற்கு ஒரு புதுச் சுவை சேர்ப்பது அவர் நோக்கமன்று. பாட்டைப் பாடுவோரே அதனை மாற்றவும் வளர்க்கவும் உரியவர் என்பதும், கிராமத்து ஏழை மக்களின் பாட்டு அவர்களின் விடுதலைக் கேள்வியோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதும் அவர் கொண்ட நிலை. பெயர், பயன், கேள்வி ஆகிய மூன்றும் பிரியாமல் வரக்கூடும் என்பதற்கு நம் நடுவிலேயே இச்சான்று உள்ளது.

இன்று வாலிபர் கூடுகைகளில் பறை ஒலிக்கிறது. கானா மெட்டில் கீதங்கள் அமைகின்றன. குறுங்காணொளியில் கண்ட ஆட்டத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆடுகின்றனர். இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பது எளிது. 'நாமும் காலத்திற்கு ஏற்ப மாறிவிட்டோம்' என்று மகிழ்வதும் எளிது. இரண்டினும் பயனுள்ளது, அடுத்த முறை அந்தப் பறை ஒலிக்கும்போது, அதனை அடிக்கக் கற்றுத் தந்தவர் எந்தத் தெருவினர், அவரைக் கூடுகைக்கு அழைத்தோமா, அழைத்திருப்பின் பந்தியில் அவருக்கு எங்கே இலை போட்டோம் என்று விசாரிப்பதே. அவ்விசாரணைக்குக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு மாலைநேர நடை போதும்.